பக்கவாத்தியம் இல்லாத மூன்று பேர்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் ஓட்டோக்கார அண்ணை பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை, உதுக்குள்ள ஆளோ?" என்று கேட்டார்.

"செல்லோ, அண்ணை."

"அப்பிடியெண்டா?"

"பெரிய வயலின்."

தங்கச்சி என்னை முறைத்தாள். செல்லோவைப் பெரிய வயலின் என்றால் அவளுக்குப் பிடிக்காது. வயலின்தான் சின்னச் செல்லோ என்பது அவளுடைய கட்சி. பெட்டியை இருவர் மடியிலும் குறுக்கே கிடத்திக்கொண்டு பரந்தனுக்குப் போனோம். கிழமைக்கு இரண்டு தரம் இதுதான் பயணம், ஏனென்றால் பியானோ தம்பி வீட்டில் இருக்கிறது.

தம்பி கூடப்பிறந்தவன் இல்லை. தேவாலயத்தில் ஓர்கன் வாசித்து வளர்ந்தவன், 22 வயது. தங்கச்சி என் சித்தப்பாவின் மகள். சுவிஸில் பிறந்தவள், எட்டு வயதில் செல்லோ தொட்டவள், ஒரு வருசம் ஊரில் இருந்து பார்ப்பம் என்று வந்திருக்கிறாள். நான் யாழ்ப்பாணத்தில் கர்நாடக வயலின் படித்துவிட்டு இங்கே பள்ளிக்கூடமொன்றில் சங்கீதம் படிப்பிக்கிறேன். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்தால் பியானோ ட்ரியோ என்று சொல்வார்கள். மூன்று பியானோவா என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்விதான்.

எனக்குத்தான் பாடு. இருபது வருசமாகச் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச ப ச ப என்று சுருதி சேர்த்து வாசித்தவள், இப்போது கதிரையில் இருந்து தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு ஜி, டி, ஏ, இ என்று தந்தியை முறுக்கவேண்டும். விரல் பழைய வழிக்கே போகும். ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததுக்கு நான் என்னை அறியாமல் இழுத்துக்கொண்டு போவேன். தங்கச்சி வில்லைத் தூக்கிவிடுவாள்: "அக்கா, நோட் எங்க இருக்கு எண்டு முதல்ல முடிவெடுங்கோ." கமகம் என்கிற அந்த இழுப்புக்கு இதைவிடக் கேவலமான மரியாதை கிடைத்திருக்காது. ஆனால் அவள் சொன்னது சரி.

முதலில் எடுத்தது ஹைடன் 1795 இல் எழுதிய ஜி மேஜர் ட்ரியோ. கடைசிப் பகுதி ஹங்கேரிய நாட்டார் ஆட்டம்போல ஓடும், கேட்பவர்களுக்குக் கால் தானாக ஆடும். தம்பிக்கும் எனக்கும் கொண்டாட்டம். மூன்றாம் கிழமை தங்கச்சி வில்லைக் கீழே வைத்துவிட்டாள். "நான் தம்பியின்ர இடக்கைக்கு நிழல். அவ்வளவுதான்." தாள்களை எடுத்துப் பார்த்தோம். உண்மைதான். பியானோவின் கீழ்க்குரலைத்தான் செல்லோ பெரும்பாலும் திருப்பிச் சொல்கிறது. அந்தக் காலத்தில் இவற்றை 'வயலின், செல்லோ துணையுடன் பியானோ சொனாட்டா' என்றுதான் அச்சிட்டார்கள். அதே 1795 இல் பீத்தோவனின் முதல் மூன்று ட்ரியோக்கள் அச்சாகின. அவற்றில் செல்லோவுக்கும் வாய் திறக்கிறது.

பக்கவாத்தியமாகவே மேடை ஏறிப் பழகிய எனக்கு அவளுடைய கோபம் உடனே விளங்கவில்லை. பாடகர் ஒரு சங்கதி போட்டால் அரைநொடி பின்னால் அதை ஏந்திக்கொண்டு போவது பெரிய வித்தை, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் அன்று இரவு யோசித்தேன், நானாக ஒரு வசனத்தைத் தொடங்கி எத்தனை வருசம் என்று.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சில பேச்சு முடிவானது. மூன்று பேரும் முதலாளியாக இருக்கிற படைப்புகளைத்தான் எடுப்பது. சினிமாப் பாட்டு நாலு போட்டால் மண்டபக் காசு தாறன் என்று வெளிநாட்டில் இருந்து ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம். ராகத்தை ஒட்டவைத்து 'பியூஷன்' செய்யச் சொன்னவர்களுக்கும் அதே பதில். ஒடியற்கூழுக்குள் எல்லாம் போடலாம்தான், ஆனால் காய்ச்சத் தெரிந்த கை வேண்டும். எங்களுக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை.

மூன்றாவது முடிவுக்குத்தான் சண்டை. ஷொஸ்டகோவிச்சின் இரண்டாவது ட்ரியோ, 1944 இல் எழுதியது. அந்த வருசம் பெப்ரவரியில் இறந்துபோன நண்பர் சொலர்டின்ஸ்கியின் நினைவுக்கு. ஜெர்மன் படைகளின் முற்றுகை விலகி ஒரு வருசம்கூட ஆகாத லெனின்கிராட்டில், அதே நவம்பரில் அவரே பியானோவில் இருந்து முதன்முதல் வாசித்தார். இதை மே மாதம் வாசிப்போம் என்றேன் நான். தம்பி மறுத்தான். "மே மாசம் சனம் அழ வரும், அக்கா. இது கேக்க வரவேணும்." ஓகஸ்டில் வைத்தோம்.

ஓகஸ்ட் என்றால் கச்சான் காற்று. தந்தியை முறுக்குகிற பிருடை சுருங்கி வழுக்கும், நிற்கவே நிற்காது. பள்ளிக்கூடத்து வெண்கட்டியைத் தேய்த்துத்தான் நிறுத்தினேன். தேவாலய மண்டபத்தில் நாற்பது பேர் வரை வந்தார்கள், பாதிப்பேர் என்னுடைய மாணவர்களும் தாய்மாரும்.

ட்ரியோ தொடங்குவதே விசித்திரம். செல்லோ தனியாக, தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டும் தொடாமலும், எட்டாத உயரத்தில் ஊதற்காற்றுப்போல ஒரு குரல். தந்திகளைத் தாங்குகிற குதிரையில், சத்தத்தை அமத்துகிற ஊமைக்கட்டை வேறு மாட்டியிருக்கும். அதற்குக் கீழே வயலின் வரும், அதற்கும் கீழே பியானோ. பெரிய வாத்தியம் உச்சியில், சின்னது நடுவில், எல்லாம் தலைகீழ். முன்வரிசை ஆச்சி ஒருவர் பக்கத்தில் இருந்தவவிடம், "உந்தப் பெரிசுக்கு ஏன் தொண்டை கட்டினது?" என்று கேட்டது எனக்கு நல்லாகவே கேட்டது. வில் நடுங்காமல் பிடித்தது பெரும்பாடு.

மூன்றாம் பகுதியில் பியானோ எட்டுச் சுரக்கூட்டுகள் கொண்ட கோர்வை ஒன்றை மெதுவாக வைக்கும். அதையே ஆறு தரம். மேலே வயலினும் செல்லோவும் மாறி மாறிப் புலம்பும். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஒருத்தி எடுப்பாள், மற்றவள் வாங்குவாள், கீழே ஓர் அடி மாறாமல் நிற்கும்.

மூன்றாம் சுற்றில் கரண்ட் போச்சு.

விசிறி நின்றது, பியானோவும் நின்றது, அது கரண்டில் வேலை செய்கிற பியானோ. தங்கச்சி நிறுத்தவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. ஆனால் எண்ணிக்கை? அப்போதுதான் கேட்டது: டொக். டொக். தம்பி தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறான். சத்தம் செத்த பியானோவில் கட்டைகள் அடியில் போய் முட்டுகிற ஒலி மட்டும், சுரக்கூட்டுக்கு ஒன்றாக, சரியான இடத்தில். ஆறு சுற்றும் அதன்மேல்தான் முடித்தோம்.

அடுத்த பகுதியை பியானோ இல்லாமல் தொடங்கவே முடியாது. எழுந்து கும்பிட்டோம். அவ்வளவுதான் என்று நினைத்து ஆட்கள் கைதட்டினார்கள், யாரும் திருத்தவில்லை. ஆச்சி போகும்போது தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கதவு தட்டினது நீயோ?" என்று மட்டும் கேட்டா.

இப்போது ஷூபர்ட்டின் ஈ பிளாட் ட்ரியோ பழகுகிறோம், இறப்பதற்கு ஒரு வருசத்துக்கு முன் எழுதியது. இரண்டாம் பகுதியில் பாட்டைத் தொடங்குவது செல்லோ, பியானோ நடைபோட்டுக்கொண்டு பின்னால் போகும். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவேண்டும். தம்பி இரவல் ஜெனரேட்டர் ஒன்று பிடித்துவந்து கிணற்றடியில் வைத்து ஓட்டிக் காட்டினான். அவள் அதன் இரைச்சலைக் கேட்டு, செல்லோவின் ஜி தந்தியை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "உது ஜிக்குக் கொஞ்சம் மேல நிக்குது" என்றாள். இன்னும் தூரத்தில் வைக்க நீளமான வயர் தேடுகிறோம்.