குழுமக் கணக்கில் முதல் கேள்வி: விற்றது யார்?

பெறுபேறு நேற்று வந்தது. நிதி அறிக்கையிடல் பாடம் சித்தி. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) செய்கிற தம்பி தங்கைகள் பலர் குழுமக் கணக்கை (தாய்க் கம்பனியையும் அதன் துணைக் கம்பனியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கணக்கு) கண்டதும் அந்த வினாவைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் புள்ளி அள்ளித் தருகிற வினா அது.

எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். (இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம்) 3, 10 இரண்டும் உங்களுக்குத் தெரியும். குட்வில் (வாங்கிய கம்பனியின் தேறிய சொத்துப் பெறுமதிக்கு மேலாகக் கொடுத்த தொகை) கணிப்பதையும் நான் சொல்லித்தரத் தேவையில்லை. குழுமத்துக்குள் விற்பனை என்று கண்ணில் பட்ட உடனே ஓரத்தில் 'விற்றது யார்?' என்று எழுதுங்கள். என்னைக் கரைசேர்த்தது அதுதான்.

தாய்க் கம்பனிக்குத் துணைக் கம்பனியில் 80% என்று வைப்போம். கிரயத்தோடு 25% சேர்த்து விற்ற சரக்கில் 500,000 ரூபா வருட முடிவில் வாங்கிய கம்பனியிடம் மிஞ்சியிருக்கிறது. அடையாத இலாபம் (குழுமத்துக்கு வெளியே இன்னும் விற்காத சரக்கில் இருக்கும் இலாபம்) அந்த 500,000இல் 25/125, அதாவது 100,000. (கனபேர் 125,000 என்று எழுதுகிறார்கள்.) யார் விற்றாலும் சரக்கிருப்பில் 100,000 குறையும். விற்றது தாய் என்றால் முழுவதும் குழும இலாபத்தில் கழியும். விற்றது துணை என்றால் 20,000 என்.சி.ஐ.யில் (துணைக் கம்பனியின் மிச்ச 20% வைத்திருக்கும் வெளிப் பங்காளர்களின் பங்கு) கழியும், மிச்சம் 80,000தான் குழுமத்துக்கு. இதைப் பார்க்காமல் தொடங்கினால் என்.சி.ஐ., நிறுத்திவைத்த இலாபம் இரண்டுமே பிழைத்துவிடும்.

மேல்மட்டப் பாடங்களுக்கு இங்கே நேரடி வகுப்புத் தேடுவது பெரும்பாடு. நான் சூமில் ஒரு வகுப்பு எடுத்தேன். விடைப் படிவத்தை அப்படியே பாடமாக்கச் சொன்னார்கள். காசு கொடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அப்படிச் சொல்வது அநியாயம். வருட நடுவில் வாங்கிய கம்பனி வந்தால் அந்தப் படிவம் என்ன செய்யும்? வாங்கிய திகதிக்குப் பிந்திய மாதங்களின் வருமானமும் செலவும் மட்டும்தான் உள்ளே வர வேண்டும்.

எனக்குச் சரிவந்தவை:
- பகலில் ஓடிட் வேலை, அதனால் படிப்பு விடியக்காலையில்.
- காணொளி குறைவு, கையால் எழுதுவது கூட.
- ஒரே கடந்தகால வினாவைத் திரும்பத் திரும்பச் செய்வது.
- தனியப் படிப்பது. நாலு பேரோடு இருந்தால் எனக்குக் கதைதான் நடக்கும்.

வினாவில் ஒளிந்திருப்பவை:
- கையகப்படுத்தல் செலவு குட்வில்லில் சேராது, செலவாகப் போகும்.
- நிபந்தனையோடு பிறகு கொடுக்க வேண்டிய தொகையை, வாங்கிய திகதியின் நியாயப் பெறுமதியில் அன்றே சேர்க்க வேண்டும்.
- என்.சி.ஐ. எந்த முறையில் அளக்கப்பட்டது, விகிதாசார முறையிலா, நியாயப் பெறுமதி முறையிலா?

கடைசியாகச் சொன்னது குட்வில் பெறுமதி இழப்புக்கும் வேண்டும். என்.சி.ஐ. விகிதாசார முறையில் என்றால், 80%க்கு 400,000 ஆக இருக்கும் குட்வில்லை 500,000 ஆக்கித்தான் சோதிக்க வேண்டும். குட்வில்லில் 100,000 இழப்பு வந்தால் பதிவது 80,000. நியாயப் பெறுமதி முறை என்றால் அப்படிப் பெருப்பிக்கத் தேவையில்லை, வருகிற இழப்பை என்.சி.ஐ.யோடு பகிர வேண்டும்.