எச்சில் சோதனை அறிக்கையும் அம்மாவின் இரத்தப் பரிசோதனையும்

அம்மாவுக்கு 52 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. கட்டியின் திசுவில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருந்ததால், அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரையைச் சில ஆண்டுகள் தொடரச் சொன்னார்கள். அவருடைய அக்கா, என் பெரியம்மா, 44 வயதில் இதே நோயால் இறந்தவர். ஆகவே 41 வயதை எட்டியபோது, தள்ளுபடியில் கிடைத்த ஒரு மரபணுச் சோதனைக்கு எச்சில் மாதிரி அனுப்பினேன். அது தவறான தொடக்கம் என்பது பிறகுதான் புரிந்தது.

அலைபேசிக்கு வந்த அறிக்கையில் ‘மார்பகப் புற்றுநோய்: உயர் அபாயம்’ என்று சிவப்புப் பட்டையில் எழுதியிருந்தது. அதன் கீழே இ.எஸ்.ஆர்.1, சி.ஒய்.பி.17.ஏ.1, சி.ஒய்.பி.19.ஏ.1 என்று மூன்று மரபணுக்கள். விளக்குவதற்கு ஆள் யாரும் இல்லை. மூன்றாவது மரபணுதான், ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் அரோமடேஸ் என்ற நொதியை உருவாக்குகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லை எங்கோ பார்த்த நினைவு வரவே, நள்ளிரவில் எழுந்துபோய் அம்மாவின் மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். லெட்ரோசோல், அரோமடேஸைத் தடுக்கும் மருந்து என்று அதில் இருந்தது. அம்மாவின் நோயை எந்த நொதியை அடக்கிக் கட்டுப்படுத்துகிறார்களோ, அந்த நொதியின் மரபணுவிலேயே எனக்குக் கோளாறு என்று முடிவு செய்துகொண்டு, விடியும்வரை தூங்காமல் கிடந்தேன்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் என்னை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக, மூன்று தலைமுறையை வரையத் தொடங்கினார். நோய் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி, இறந்தவர்கள்மீது குறுக்குக் கோடு இழுத்தார். அப்பா வழியிலும் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று கேட்டபோது நான் விழித்தேன். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பெரிதும் கூட்டும் பழுது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களில் இருந்தால், அது அப்பா வழியாகவும் வரலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அங்கிருந்தே கும்பகோணத்து அத்தையை அழைத்தேன். அப்பாவின் சித்தி ஒருவர் ‘மார்ல கட்டி வந்து’ போனதாக அவர் சொல்ல, தாளில் இன்னொரு கறுப்பு வட்டம் கூடியது. நான் வயதுக்கு வந்த ஆண்டையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஓராண்டு முன்னதாகப் பூப்பெய்தினால் அபாயம் சுமார் 5 சதவீதமும், மாதவிடாய் ஓராண்டு தாமதமாக நின்றால் சுமார் 3 சதவீதமும் கூடுகிறது என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்த கணக்கு.

பிறகுதான், அரோமடேஸ் மரபணு பற்றிய என் பயத்துக்கு வந்தார். சி.ஒய்.பி.19.ஏ.1 மரபணுவில் பலரிடமும் காணப்படும் சில மாறுபாடுகள், மாதவிடாய் நின்ற பெண்களின் ஈஸ்ட்ரோஜன் அளவை 10 முதல் 20 சதவீதம்வரை மாற்றுவதாக 2007-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அதே ஆய்வில் அவற்றுக்கும் புற்றுநோய் அபாயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. லெட்ரோசோல் அந்த நொதியின் வேலையை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. மாறுபாடோ அதைச் சற்றே கூட்டும் அல்லது குறைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நான் பயந்திருக்கிறேன். சி.ஒய்.பி.17.ஏ.1 அபாயத்தைக் கூட்டுமோ என்று 1997-இல் எழுந்த சந்தேகமும் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை உருவாக்கும் இ.எஸ்.ஆர்.1 சற்று வேறு: ஆறாவது குரோமோசோமில் அந்த மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாடு அபாயத்தைக் கூட்டுவதை ஷாங்காய்ப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் கண்டது, ஐரோப்பியப் பெண்களிடம் அதன் வலு குறைவாகவே இருந்தது. இத்தகைய மாறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறு அளவே கூட்டுகின்றன. நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஏதேனும் சொல்ல முடியும். பி.ஆர்.சி.ஏ.1-இல் பழுது உள்ள பெண்ணுக்கோ 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம். அதைத் தேடுவதுதான் முதல் வேலை என்றும், அதற்கு நோய் வந்தவரையே முதலில் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. “எங்கிட்டேருந்துதான் உனக்கு வருதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்களோ?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அஞ்சியது நோயை அல்ல, தன்னால் மகளுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்பதை. அந்தக் கேள்வியை அம்மா ஆலோசகரிடமே கேட்டார். “யாரும் தேர்ந்தெடுத்துக் குடுக்கறது இல்லையேம்மா” என்று அவர் பதில் சொன்ன பிறகு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கையை நீட்டினார். ஊதா மூடியிட்ட சிறு குழாயில் இரத்தம் எடுத்தார்கள்.

நான்கு வாரங்களில் முடிவு வந்தது. இரண்டு பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களிலும் பழுது இல்லை. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஏ.டி.எம். என்ற இன்னொரு மரபணுவில் மட்டும் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ ஒன்று இருந்தது. நம் நாட்டுப் பெண்களின் மரபணுத் தரவுகள் உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால், இப்படிப்பட்ட பதில் நமக்கு அடிக்கடி வருகிறது என்றும், இதை வைத்து எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்கக் கூடாது, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்றும் ஆலோசகர் சொன்னார். பழுது கிடைக்கவில்லை என்பதால் குடும்ப வரலாறு அழிந்துவிடுவதில்லை. எனவே ஆண்டுதோறும் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் மாமோகிராமுக்கு அம்மாவும் உடன் வந்தார். என் முறை வந்ததும் தோடு, சங்கிலியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அந்த மூன்று தலைமுறைத் தாளை மடியில் விரித்து, பெரியம்மாவின் வட்டத்தின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.