மூணு கோடு வைஃபை
தமிழ் வகுப்புப் பிள்ளைங்களுக்காக, ரங்கூன்ல கைமாத்தி வாங்கின பழைய லேப்டாப் ஒண்ணுல நேத்து டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளத்துல ஒரு வகை, கொஞ்சம் பழைய பதிப்பு) போட்டேன். தமிழ் எழுத்து, சத்தம் எல்லாம் சரி. வைஃபை மட்டும் கண்ணுலயே படல. அந்த நேரம் பாத்து கரண்டும் போச்சு. பேட்டரி தாங்குச்சு, இருட்டுல உக்காந்து கெர்னல் லாக், அதாவது சிஸ்டம் தானே எழுதி வைக்கிற குறிப்பு, படிச்சேன். ஃபர்ம்வேர் இல்லையாம்.

வைஃபை சிப்பை இயக்குற டிரைவர் லினக்ஸ்லயே இருக்கு. ஆனா பல வைஃபை சிப்புகளுக்கு, உயிர் வந்ததும் உள்ளே ஓடவேண்டிய குட்டி மென்பொருளை டிரைவர்தான் ஊட்டணும். அதுதான் ஃபர்ம்வேர். அதோட மூலநிரலைச் செஞ்சவங்க பெரும்பாலும் வெளியிடுறதில்ல. அதனாலதான் டெபியன் ஃபர்ம்வேரைத் தனியா ஒதுக்கி வச்சிருந்துச்சு. 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12 இன்ஸ்டாலர்லயே சேர்த்துட்டாங்க. சுதந்திர மென்பொருள் மேல எனக்கு உயிர். இருந்தும் இது சரியான முடிவுன்னே சொல்வேன். நெட் இல்லாத மெஷினுக்கு நெட்லேருந்து இறக்கிக்கோன்னா பிள்ளைங்க எங்க போகும்?

போனை யூஎஸ்பி வயர்ல மாட்டி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் குடுக்குற டெதரிங் போட்டு ஃபர்ம்வேரை இறக்கினேன். ரீஸ்டார்ட் பண்ணதும் மூலையில வைஃபை சிக்னல் மூணு கோடு!

ஏத்திரோஸ் ஏஆர்9271 சிப் போட்ட யூஎஸ்பி வைஃபை யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. அதுக்கு ஃபர்ம்வேரே திறந்த மூலம், மூலநிரலை வெளியிட்டிருக்காங்க. வகுப்புக்கு ரெண்டு வேணும்.