முழங்காலும் செபிக்கட்டும்: வேளாங்கண்ணித் திருப்பயணத்தில் உடலின் பங்கு

வேளாங்கண்ணியில் பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே ஒரு மணல் பாதை இருக்கிறது. நேர்ச்சை உள்ளவர்கள் செபமாலையைக் கையில் பிடித்து அதில் முழங்காலாலேயே நகர்வார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா வரை அங்கே இடம் கிடைப்பதே கஷ்டம். காவி உடையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வரும் சென்னைப் பக்தர்களில் பலர், வந்த களைப்போடு நேரே முழங்காலிட்டுவிடுகிறார்கள். அவர்கள் முதலில் தண்ணீர் குடித்து, காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும்.

மணல் சுடுவதற்கு முன், விடியற்காலையிலேயே தொடங்குவது நல்லது. முழங்காலில் துணி கட்டினால் நேர்ச்சை குறைந்துவிடாது. பருத்தித் துண்டை இரண்டாக மடித்துச் சுற்றி, முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள். பின்மடிப்பில் முடிச்சு விழுந்தால் கால் மரத்துவிடும். சேலை முழங்காலுக்கு அடியில் சிக்கி இழுக்கும், சுடிதாரே வசதி. பலர் தொடக்கத்தில் வேகமாகப் போய்விட்டு, சீக்கிரமே இடுப்பு சரிந்து குதிகாலில் உட்கார்ந்து காலை இழுக்கிறார்கள். மணல் தோலை உரசிப் புண்ணாக்குவது அப்போதுதான். முதுகை நிமிர்த்தி, சிறு சிறு எட்டாக வையுங்கள். ஓர் ‘அருள் நிறைந்த மரியே’க்கு நான்கைந்து எட்டு போதும். செபமாலையின் பத்து மணிகளை உருட்டி முடித்ததும், ‘தந்தைக்கும் மகனுக்கும்’ என்று தொடங்கும் திரித்துவப் புகழுக்கு நின்று, தலை வணங்கி, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். செபம் நடையைவிட முந்தினால் வாய் மட்டும்தான் ஓடும், நடை முந்தினால் வலி மட்டும்தான் நினைவில் நிற்கும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. அதே செபத்தை ஓரமாக நடந்தே சொல்லலாம்.

இத்தனை பாடுபட்டு வருகிறவர்கள், உள்ளே திருப்பலியில் உடலை மறந்துவிடுவதுதான் வருத்தம். சிலுவை அடையாளத்தைப் பாருங்கள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என நான்கு இடத்தையும் கை தொட வேண்டும். ‘தந்தை, மகன், தூய ஆவி’ என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேரின் கை காற்றில் ஒரு சுழற்று சுழன்று கீழே இறங்கிவிடுகிறது. நற்செய்திக்கு முன் கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் மூன்று சிறு சிலுவைகள்: அறிவில் பதிய, வாயால் அறிவிக்க, உள்ளத்தில் காக்க. விசுவாச அறிக்கையில் ‘கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார்’ என்ற இடத்தில் தலை வணங்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 அன்றும் அங்கே முழந்தாளிட வேண்டும். கடவுளே உடல் எடுத்ததைச் சொல்லும்போது நம் உடல் சும்மா நிற்கலாமா?

கைகூப்பி வணங்குவது நம் மண்ணின் வழக்கம். இந்தியத் திருச்சபை கேட்டுக்கொண்டதன்பேரில் 1969-இல் உரோமை அனுமதித்த பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களில் இதுவும் உண்டு. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும்போது நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வணங்குங்கள்.

நற்கருணைக்கு, அதாவது திருப்பலியில் குரு தரும் அப்பத்தை வாங்குவதற்கு, ஒரு மணி நேரம் முன்பே உண்பதையும் பருகுவதையும் நிறுத்திவிட வேண்டும், தண்ணீரும் மருந்தும் விதிவிலக்கு. கையில் வாங்குவதானால் வலது கைமேல் இடது கையை விரித்து வைத்து, ‘ஆமென்’ சொல்லிப் பெற்று, சற்றே ஓரமாக விலகி, குருவின் முன்னிலையிலேயே வலக்கை விரலால் எடுத்து உட்கொள்ள வேண்டும். வரிசை நெருக்குகிறதே என்று நடந்துகொண்டே வாயில் போடுவதால்தான் அப்பம் கீழே விழுகிறது. உட்கொண்டதும் உள்ளங்கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள் தங்கள் பூசை குறைபட்டதாகக் கலங்குவதுண்டு. நின்று வழிபடுவதும் பழமையான முறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றே செபிக்க வேண்டும் என்று கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம் சொன்னது. குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியாதவர்கள், அவர் அப்பத்தை உயர்த்திக் காட்டிவிட்டுப் பணியும் அதே நேரத்தில் இடுப்பு வளைய ஆழ்ந்து வணங்கினால் போதும், கிண்ணத்தை உயர்த்திய பிறகும் அப்படியே. தடியைப் பிடித்து நிற்பவர் முன்பெஞ்சில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனியலாம்.