கோவர்க்கிங் இடத்துக்கு பிரதேச சபை அனுமதி எடுத்த கதை

அட்டன் பக்கத்தில் நாங்கள் நடத்தும் கோவர்க்கிங் இடத்துக்கு (வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் மேசை எடுத்து அவரவர் வேலையைச் செய்யும் பொது அலுவலகம்) ஒருவழியாக வியாபார அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. மலையகத்தில் இப்படி ஒன்றைத் திறக்க நினைப்பவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து எல்லாம் சுலபமாக முடிந்தன. மாட்டிக்கொண்டது பிரதேச சபையில்.

மேசை, இன்டர்நெட், கரண்ட் போனால் ஜெனரேட்டர், மாதக் கட்டணம் என்று விளக்கினேன். "அப்படின்னா டியூஷன் கிளாஸா தம்பி?" என்றார் வருமானப் பிரிவில் இருந்தவர். அடுத்த முறை அவர் லீவு. அன்று இருந்தவர் நெட் கபே என்றார். வேறொருவர் வரவேற்பு மண்டபம் என்று போடச் சொன்னார். மண்டபம் என்றால் வாகனத் தரிப்பிடம் எங்கே என்று புதுக் கேள்வி கிளம்பும். வகை முடிவாகாமல் பைல் அப்படியே கிடந்தது.

இதற்குள் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்று சொல்லி நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். மழையில் பஸ் ஏறி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக எதுவும் கட்டவில்லை, இருக்கிற கட்டடத்தில் மேசைதான் போடுகிறீர்கள், இதற்கு எதற்கு அறிக்கை என்று அங்கே கேட்டார்கள். ஒரு நாள் சம்பளம் போனது. யார் எந்தப் பத்திரம் கேட்டாலும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பத்திரங்கள் தேவையில்லாமல் போய்விடும்.

பைலை நகர்த்தியது ஒரே ஒரு பக்கக் கடிதம். எத்தனை பேர் உட்காருவார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவோம், சமையல் இல்லை, வகுப்பு இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. கேட்பதற்குத் தயங்க ஒன்றுமில்லை. பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அரசியல்வாதியின் வாக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன உறுப்பினரின் பதவி, சபைகளின் காலம் முடிந்த 2023 மார்ச்சோடு போனது. 2025 மே தேர்தல் வரை செயலாளர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். உறுப்பினர் போனாலும் பைலைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் அங்கேயேதான் இருந்தார். உறவை அவரிடம் வளர்த்திருக்க வேண்டும்.

சபைக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் இடையிலுள்ள தூரம் பழையது. தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவழிக்கத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை ஓட்டுப் போட்டும் சபை எங்களுக்கு அந்நியம்தான். எங்கள் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். கொழும்புக் கம்பனி வேலையை ஊரிலிருந்தே செய்கிறார்கள். கள ஆய்வுக்கு வந்த உத்தியோகத்தர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகு வகை பற்றிய கேள்வியே எழவில்லை. சேவை வியாபாரம் என்று பதிவானது. இப்போது சபை நூலகத்துக்கு வரும் மாணவர்களுக்கு சனிக்கிழமைகளில் எங்கள் கணினிகளை இலவசமாகக் கொடுக்கிறோம். நூலகரே அழைத்து வருகிறார். எனக்கு இதில் உண்மையான பெருமை.

முடிந்தால் அனுமதி கேட்கும் முன்பே சபை ஆட்களை அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள்.

அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். புதுப்பிக்கப் போனால் கட்டட உரிமையாளரின் மதிப்பீட்டு வரி நிலுவையையும் கிளறுவார்கள். ஜனவரி 31க்குள் வருட வரியை முழுதாகக் கட்டினால் 10% கழிவு உண்டு என்று அவரிடம் இப்போதே சொல்லி, பற்றுச்சீட்டின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.