மணி அடிக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள்

800 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் கடைசி 100 மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். என் கண் போவது முதல் சுற்று (400 மீட்டர்) முடிந்து, கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது கடிகாரம் காட்டும் நேரத்துக்கு.

2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் கென்ய வீரர் டேவிட் ருடிஷா முதல் சுற்றை 49.28 வினாடியில் முடித்தார். அடுத்த சுற்றுக்கு 51.63. மொத்தம் 1:40.91, உலக சாதனை! இந்தத் தூரத்தில் இரண்டாம் சுற்று கொஞ்சம் மெதுவாவது சகஜம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் டேவ் வாட்டிலின் கதையே வேறு. தலையில் தொப்பி, முதல் 200-ல் கடைசி ஆள். வீடியோவில் பார்த்தால் கடைசியில் பாய்ந்து வந்த மாதிரி தெரியும். அதெல்லாம் கண் மயக்கம். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், 26 வினாடி சொச்சம். தளர்ந்தது முன்னால் போனவர்கள்! 0.03 வினாடி வித்தியாசத்தில் அவருக்குத் தங்கம்.

அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பின்னால் நிற்கக் கிளம்பிவிடாதீர்கள். முந்த வேண்டுமென்றால் வெளிப்பக்கம் போகணும்; ஒரு முழுச் சுற்றை உள்ளிருந்து இரண்டாம் தடத்தில் ஓடினாலே ஏழு மீட்டருக்கு மேல் கூடுதல். வளைவில் முந்துவது அவ்வளவு செலவு.

என்னைக் கேட்டால், பந்தயம் கைநழுவுவது 400-க்கும் 600-க்கும் நடுவில்தான். தோள் இறுக ஆரம்பிக்கும், கால் வீச்சு குறுகும். அங்கே வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து ஓடினால்தான் இருக்கிற வேகமாவது நிற்கும்.