சுண்டுவிரல் பக்கத்து நாடி

கடலூரில் ஒரு ஐசியூவில் செவிலியராக இருக்கிறேன். மூச்சுத் திணறலோடு யார் வந்தாலும் டாக்டர் கேட்பது ஏபிஜி, அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் எவ்வளவு என்று பார்க்கிற சோதனை. அதற்கான ரத்தத்தைத் தமனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் துடிக்கிற ரேடியல் தமனிதான் வசதி. தோலுக்கடியிலேயே ஓடுகிறது, கீழே எலும்பு இருப்பதால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும்.

ஆனால் அதைக் குத்துமுன் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் தமனியை விசாரித்துவிட வேண்டும். அது ஆழத்தில் நரம்பை ஒட்டி ஓடுவதால் விரலுக்கு எளிதில் சிக்காது. பெரும்பாலானவர்களுக்கு உள்ளங்கையில் தோலுக்குப் பக்கமாக வளைந்து போகிற ரத்தக்குழாய், அதாவது மேல்வளைவு, அதன் ரத்தத்தில்தான் ஓடுகிறது, விரல்களுக்குக் கிளைகள் போவதும் அங்கிருந்துதான். அதற்கும் அடியில் இருக்கிற ஆழ்வளைவு ரேடியலின் பொறுப்பு. இரண்டும் உள்ளே கைகோத்துக்கொள்வதால் ஒன்று அடைத்தாலும் மற்றது தாங்கும். என்ன, எல்லோருக்கும் இந்த இணைப்பு முழுசாக இருப்பதில்லை.

1929-இல் எட்கர் ஆலன் சொன்ன சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்கிறோம். கையை இறுக மூடச் சொல்லி இரண்டு தமனிகளையும் அழுத்திக்கொண்டு, திறக்கச் சொன்னால் உள்ளங்கை வெளுத்திருக்கும். அல்னாரை மட்டும் விட்டால் சில நொடிகளில் சிவக்க வேண்டும். இதை நம்ப முடியாது என்று விட்டுவிட்ட மருத்துவர்கள் நிறைய. எனக்கு விட மனசில்லை.

ஆனால் தேவனாம்பட்டினத்தில் வலை இழுத்துக் காய்த்துப்போன கையில் வெளுப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கை தோட்டுப் பால் பட்டுக் கறுத்திருக்கும். அப்போது கட்டைவிரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, ரேடியலை அழுத்தி, மானிட்டரில் அலை படுத்தே கிடக்கிறதா, எழுகிறதா என்று பார்ப்பேன்.

மூச்சு தேறிய மீனவப் பெரியவர் ஒருவர் மறுநாள் கேட்டார்: "வைத்தியர் நாடி பாக்குற எடமாச்சே, அதுலயா குத்துற பாப்பா?"

"ஆமாங்கய்யா, அதே நாடிதான்."

வாதம், பித்தம், கபம் என்று வைக்கிற மூன்று விரலும் ரேடியல் மேல்தான். அல்னாருக்கு ஒரு விரல்கூடக் கிடையாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் ரேடியலைத் தொடவே யோசிப்போம். பின்னாளில் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட வேண்டி வந்தால் மணிக்கட்டில் அந்தத் தமனியைத்தான் சிரையோடு இணைப்பார்கள்.

ஊசியை எடுத்ததும் சாம்பிளோடு வேறு யாராவது லேபுக்கு ஓடட்டும், குறைந்தது 5 நிமிடம் நானே அழுத்திப் பிடிப்பேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிக நேரம். கூட வந்தவரிடம் பஞ்சைக் கொடுத்தால், ரத்தம் நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தரம் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்.